வன்தட்டுக்கு முன் எழும் கோப்பு முறைமை

மின்சாரம் நின்று மீண்டும் வந்த பிறகு கணினியை இயக்கினால், உபுண்டுவின் வழக்கமான நுழைவுத் திரை வராமல், கறுப்புப் பின்னணியில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற ஒற்றைச் சொல்லும், அதன் பக்கத்தில் கட்டளைக்காகக் காத்து நிற்கும் சிறு கோடும் மட்டுமே தெரிவது, இலங்கையின் வன்னிப் பகுதிப் பாடசாலைக் கணினிகூடங்களில் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி. ‘சேர், இது வைரஸோ?’ என்று மாணவர் கேட்பதும், ‘ஹாட்டிஸ்க் பழுதாப் போச்சு’ என்று யாராவது தீர்ப்புச் சொல்லிக் கணினியை மூலையில் ஒதுக்குவதும் அதே அளவுக்குப் பழகியவை. முதலாவது ஏறக்குறைய எப்போதும் தவறு. இரண்டாவது பல வேளைகளில் அவசரம். அந்தச் சொல் திரையில் தெரிகிறது என்றால், இயங்குதளத்தை ஏற்றிவிடும் க்ரப் என்னும் நிரல் தன் வேலையை முடித்துவிட்டது, இயங்குதளத்தின் மையமான கர்னல் நினைவகத்தில் ஏறி இயங்குகிறது, ஒரு கோப்பு முறைமை முழுதாக எழுந்து, அதிலிருந்து கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஒரு ஷெல்லும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வரவேண்டிய இரண்டாவது கோப்பு முறைமை, அதாவது வன்தட்டில் இருப்பது, மட்டுமே இன்னும் வந்து சேரவில்லை.

நினைவகத்தில் எழும் அந்த முதற் கோப்பு முறைமை தொடங்கும் நேரத்தில் புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. அது ஏதோ ஒரு முந்தைய நாளில், பெரும்பாலும் கர்னல் இற்றைப்படுத்தப்பட்ட நாளில், அன்றிருந்த வன்பொருளையும் அன்றிருந்த அமைப்பையும் பார்த்துக் கட்டி வைக்கப்பட்ட பொதி. பயணத்துக்கு முதல்நாள் கட்டும் கட்டுச்சோற்றைப் போல, வழியில் என்ன கிடைக்காது என்ற கணக்கை வைத்துத்தான் அது கட்டப்படுகிறது. கணக்குப் போட்ட நாளுக்கும் கணினியை இயக்கும் நாளுக்கும் இடையில் ஏதாவது மாறிவிட்டால் தொடக்கம் நடுவழியில் நிற்கும். ஒரு கணினியின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குள் போவது அன்றாட நடைமுறையாக இருக்கும் எங்கள் பகுதியில் இந்த இடைவெளி மற்ற இடங்களைவிட அடிக்கடி விழுகிறது. ஆகவே இதன் உள்ளமைப்பை அறிந்திருப்பது இங்கே வெறும் பாடநூல் அறிவாக நின்றுவிடுவதில்லை.

இப்படி ஒரு பொதி ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் காரணம் ஒரு வட்டச் சிக்கல். கர்னல் வன்தட்டைப் படிக்க வேண்டுமானால், அந்த வன்தட்டு இணைந்திருக்கும் கட்டுப்படுத்திக்கு உரிய மொடியூல், அதாவது கர்னலோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய துணை நிரல், வேண்டும். வன்தட்டில் இருக்கும் கோப்பு முறைமையைப் புரிந்துகொள்ள இன்னொரு மொடியூல் வேண்டும். ஆனால் அந்த மொடியூல்கள் எல்லாம் அதே வன்தட்டுக்குள்தான் கோப்புகளாகக் கிடக்கின்றன. லினக்ஸின் தொடக்க ஆண்டுகளில் இது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை. அப்போது தேவையான எல்லாவற்றையும் கர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்தார்கள். வேர்க் கோப்பு முறைமை, அதாவது இயங்குதளம் முழுவதும் தங்கியிருக்கும் கோப்பு முறைமை, எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்ற எண்ணையும் கர்னல் கோப்புக்குள்ளேயே பதித்து வைத்தார்கள். தன் கணினிக்குத் தானே கர்னல் தொகுத்துக்கொள்பவருக்கு இன்றும் அது போதும். உலகத்தில் எந்தக் கணினியிலும் ஓட வேண்டிய ஒரே கர்னலை விநியோகிக்கும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றுக்கு அது போதாது. சாட்டா, எஸ்சிஎஸ்ஐ, யூஎஸ்பி, என்விஎம்இ என எல்லாக் கட்டுப்படுத்திகளையும் கர்னலுக்குள் அடைத்தால், பாவனைக்கு வராத பெரும் பகுதி ஒவ்வொரு கணினியிலும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

மொடியூல் பற்றாக்குறை ஒருபுறம் இருக்க, இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாதது. இன்றைய உபுண்டுவில் வேர்க் கோப்பு முறைமை எது என்பது யூயூஐடி என்னும் நீண்ட அடையாள எண்ணால் குறிக்கப்படுகிறது. கோப்பு முறைமையின் யூயூஐடியைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறன் கர்னலுக்குக் கிடையாது. வட்டுப் பிரிவின் அட்டவணையில் இருக்கும் அடையாளத்தை மட்டுமே அது தானாக அறியும். கோப்பு முறைமைக்குள் எழுதப்பட்டிருக்கும் எண்ணைப் படிக்க வெளியிலிருந்து ஒரு நிரல் ஓட வேண்டும். எனவே எல்லா மொடியூல்களையும் கர்னலுக்குள் சேர்த்துவிட்டாலும், யூயூஐடியால் வேரைக் குறிக்கும் அமைப்புக்கு அந்தப் பொதி தேவைப்படும். மறைக்குறியாக்கப்பட்ட வன்தட்டு, வட்டுப் பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் எல்விஎம் தொகுதி, வலையமைப்பில் இருக்கும் வேர் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது கர்னலின் வேலை இல்லை. அதைக் கேட்க ஒரு நிரலும், தட்டச்சு செய்ய விசைப்பலகையின் மொடியூலும் முன்கூட்டியே நினைவகத்தில் இருந்தாக வேண்டும்.

முதல் தீர்வு 1996 இல் வந்தது. இனிட்ஆர்டி என்று அழைக்கப்பட்ட அதில், ஒரு சிறிய வட்டின் நகல் அப்படியே நினைவகத்தில் ஏற்றப்பட்டு, கர்னல் அதை வன்தட்டைப் போன்ற ஒரு தொகுதிச் சாதனமாக நடத்தி, வேராக ஏற்றி, உள்ளே இருக்கும் ஒரு நிரலை ஓட்டும். வேலை நடந்தது, ஆனால் வீண்செலவு அதிகம். நகலின் அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. அதன் கோப்பு முறைமையைப் படிக்கும் ஆற்றல் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. அதற்கும் மேலாக, ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் தரவை, வட்டிலிருந்து படித்ததாக எண்ணி, கர்னல் தன் இடைமாற்று நினைவகத்தில் இன்னொரு பிரதியும் எடுத்துக்கொண்டது. ஒரே தரவு ராமில் இரண்டு இடத்தில் கிடந்தது.

2002 இன் பிற்பகுதியில், கர்னலின் 2.5 தொடரின் வளர்ச்சிக் காலத்தில், கர்னல் நிரலாளர் அல் வைரோ கொண்டுவந்த மாற்றம் இந்தச் சுற்றுவழியை நீக்கியது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 முதல் அது பொதுப் பாவனைக்கு வந்தது. அதன் அடித்தளம் ராம்எஃப்எஸ் என்னும் எளிய கோப்பு முறைமை. கோப்புகளைப் படிக்கும்போது கர்னல் எப்படியும் அவற்றின் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பின்னால் வட்டு எதுவும் இல்லாமல் அந்தப் பக்கங்களையே கோப்புகளாக வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம்தான் ராம்எஃப்எஸ். அதற்குத் தொகுதிச் சாதனம் வேண்டாம், முன்கூட்டிய அளவு வேண்டாம். கோப்பு சேரச் சேர வளரும், அழிக்க அழிக்கச் சுருங்கும். கர்னல் தொடங்கும்போதெல்லாம் ரூட்எஃப்எஸ் என்ற பெயரில் இதன் ஒரு வடிவம் தானாகவே எழுகிறது. அதை இறக்க முடியாது. ஏற்றப்பட்ட கோப்பு முறைமைகளின் பட்டியல் ஒருபோதும் வெறுமையாகக் கூடாது என்பதால், அடியில் கிடக்கும் முதற் கணுவாக அது எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. இப்போது உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் முறைமைக்கு அடியிலும் அது இருக்கிறது, ஏறக்குறைய வெறுமையாக.

இந்த வெறுமையான ரூட்எஃப்எஸ்ஸில் கோப்புகளைக் கொண்டுவந்து நிரப்புவதுதான் இனிட்ராம்எஃப்எஸ். பூட் கோப்புறையில் ‘இனிட்ஆர்டி’ என்ற பழைய பெயரிலேயே இன்றும் கிடக்கும் அந்தக் கோப்பு, உண்மையில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய, சுருக்கப்பட்ட ஒரு சிபிஐஓ ஆவணம். பெயரை மாற்றாமல் விட்டதால் எத்தனை பேர் குழம்பினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. சிபிஐஓ என்பது யுனிக்ஸின் 1970களைச் சேர்ந்த பழைய வடிவம். எல்லாரும் அறிந்த டார் என்னும் ஆவண வடிவம் இருக்க இதை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கப்பட்டபோது, டார் அவலட்சணமானது, கர்னலுக்குள் அதற்கு இடமில்லை என்ற பொருளில் வைரோ கடுமையாகவே பதில் சொன்னார். கடுமை அவருக்கு இயல்பு. ஆனால் வடிவத்தைத் திறந்து பார்த்தால் நியாயம் விளங்கும்.

ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 110 எழுத்துகள் கொண்ட ஒரு தலைப்பு வருகிறது. முதல் ஆறு எழுத்துகள் ‘070701’ என்ற அடையாளம். அதன் பின் எட்டெட்டு எழுத்துகளாகப் பதின்மூன்று புலங்கள், எல்லாம் பதினாறடிமான எண்ணாக, கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து வடிவில்: கோப்பின் உள்ளெண், அனுமதிகள், உரிமையாளர், குழு, இணைப்புகளின் எண்ணிக்கை, மாற்றப்பட்ட நேரம், அளவு, சாதன எண்கள், பெயரின் நீளம், சரிபார்ப்புத் தொகை. அதைத் தொடர்ந்து பெயர், பிறகு கோப்பின் உள்ளடக்கம், நான்கு பைட் எல்லைக்கு நிரப்பிச் சமன்செய்யும் சில பூச்சியங்கள், அடுத்த தலைப்பு. கடைசியில் ‘ட்ரெய்லர்’ என்ற சொல்லும் மூன்று ஆச்சரியக்குறிகளும் கொண்ட பெயருடன் வெறுமையான ஒரு பதிவு வந்தால் ஆவணம் முடிந்தது. இதைப் படிக்கக் கர்னலுக்கு மிகச் சிறிய நிரல் போதும். இந்தக் கட்டத்தில் நூலகங்கள் இல்லை, ஓடும் நிரல்கள் இல்லை, பிழை வந்தால் சொல்ல ஆளில்லை. அங்கே எளிமை என்பது அழகியல் விருப்பமாக மட்டும் இருக்க முடியாது.

இந்த வடிவத்துக்கு இன்னொரு குணம் உண்டு. ஓர் ஆவணத்தின் முடிவில் இன்னோர் ஆவணத்தை அப்படியே ஒட்டி வைத்தால், கர்னல் இரண்டையும் வரிசையாகப் பிரித்து ஒரே மரத்தில் போடும். ஒரே பெயரில் கோப்பு வந்தால் பின்னால் வந்தது முன்னதை மேலெழுதும். இன்டெல், ஏஎம்டி செயலிகளின் உள் நிரலான மைக்ரோகோடுக்கு உரிய திருத்தங்கள் இப்படித்தான் வருகின்றன. சுருக்கப்படாத ஒரு சிறு ஆவணம் முன்னால் நிற்கிறது. கர்னல் தன் தொடக்கத்தின் மிக ஆரம்பத்தில், எதையும் விரிப்பதற்கு முன்னரே, அதிலிருந்து திருத்தத்தை எடுத்துச் செயலியில் ஏற்றுகிறது. சுருக்கப்பட்ட பெரிய ஆவணம் அதன் பின்னால் தொடர்கிறது. கட்டளை வரியில் இந்தக் கோப்பைச் சாதாரண முறையில் விரிக்க முயன்றவர்கள் உள்ளே மைக்ரோகோட் மட்டுமே இருப்பதைக் கண்டு திகைப்பது இதனால்தான். உபுண்டுவில் இதற்கென உள்ள அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் கட்டளை எல்லாப் பகுதிகளையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் மட்டும் பார்க்க எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் போதும்.

கர்னலுக்குள்ளேயே கூட ஒரு மிகச் சிறிய ஆவணம் தொகுக்கும்போதே சேர்க்கப்படுகிறது. வேறு எதுவும் கொடுக்கப்படாவிட்டால் அதில் இருப்பவை மூன்றே பதிவுகள்: சாதனங்களுக்கான ஒரு கோப்புறை, அதற்குள் கொன்சோல் என்ற சாதனக் கோப்பு, ரூட் என்ற வெறுங்கோப்புறை. முதல் நிரல் பேசுவதற்கு ஒரு வாய் வேண்டும் என்பதற்காகவே அந்தக் கொன்சோல். முதலில் இந்த உள்ளாவணம் விரிக்கப்படுகிறது, பிறகு க்ரப் நினைவகத்தில் வைத்துவிட்டுப் போன வெளியாவணம் அதன்மேல் விரிக்கப்படுகிறது. தொடக்கச் செய்திகளை டிமெசேஜ் கட்டளையால் பார்த்தால், ரூட்எஃப்எஸ் உருவை இனிட்ராம்எஃப்எஸ்ஸாக விரிக்க முயல்வதாக ஒரு வரியும், சிறிது நேரத்தில் இனிட்ஆர்டி பிடித்திருந்த நினைவகம் விடுவிக்கப்பட்டதாக இத்தனை கிலோபைட் என்று இன்னொரு வரியும் தெரியும். அந்த இரண்டுக்கும் இடையில் சுருக்கப்பட்ட பிரதியும் விரிக்கப்பட்ட பிரதியும் ஒரே நேரத்தில் ராமில் இருக்கின்றன. நன்கொடையாக வந்த பழைய கணினிகளில், ராம் 512 மெகாபைட் மட்டும் இருக்கும்போது, புதிய உபுண்டுவின் பெரிய பொதி விரிக்க இடமில்லாமல் எழுதுதற்பிழை என்று நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

விரித்து முடிந்ததும், வேரில் ‘இனிட்’ என்ற பெயரில் ஒரு நிரல் இருக்கிறதா என்று கர்னல் பார்க்கிறது. இருந்தால் அதை முதலாம் எண் செயன்முறையாக ஓட்டிவிட்டு, வேரைத் தேடும் பொறுப்பை முழுவதுமாக அதனிடம் விட்டுவிடுகிறது. இல்லையென்றால் பழைய முறைப்படி தானே ஒரு சாதனத்தை வேராக ஏற்ற முயல்கிறது. ‘அன்னோன் ப்ளொக் 0,0’ என்று முடியும் கர்னல் பீதிச் செய்தி இந்த இரண்டாவது வழியின் விளைவு. பொதி வந்து சேரவே இல்லை அல்லது விரிக்க முடியாதபடி இருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அதே கணினியில் ஷெல் திரை வந்திருந்தால் பொதி வந்திருக்கிறது, அது தேடிய பொருள்தான் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்திருந்தாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

டெபியனிலும் நீண்ட காலமாக உபுண்டுவிலும் அந்த ‘இனிட்’ ஒரு சாதாரண ஷெல் நிரல், திறந்து படிக்கலாம். அது முதலில் ப்ரொக், சிஸ், டெவ், ரன் ஆகிய நான்கு தற்காலிகக் கோப்பு முறைமைகளை ஏற்றுகிறது. கர்னலுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை வரியைப் படித்து, வேர் எது, படிக்க மட்டும் ஏற்றுவதா, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பவற்றைப் பிரித்தெடுக்கிறது. சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்னும் நிரல் தொடங்குகிறது, கர்னல் தான் கண்ட ஒவ்வொரு வன்பொருளையும் அறிவிக்க, அதற்குரிய மொடியூலை யூடெவ் பொதிக்குள்ளிருந்து எடுத்து ஏற்றுகிறது. எல்விஎம் இருந்தால் தொகுதிகள் எழுப்பப்படுகின்றன, மறைக்குறியாக்கம் இருந்தால் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. பின்னர் வேர்ச் சாதனம் தோன்றும்வரை சாதாரணமாக 30 விநாடி அளவுக்குக் காத்திருக்கிறது. தோன்றினால் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓடி அதன் நலத்தைப் பார்த்து, பெரும்பாலும் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றப்படுகிறது. தோன்றாவிட்டால் அல்லது எஃப்எஸ்சிகே தன்னால் தீர்க்க முடியாத முரண்பாட்டைக் கண்டால், பிஸிபாக்ஸ் என்னும் சிறு ஷெல் திறக்கிறது. ஃபெடோராவில் பொதி கட்டும் ட்ராகட்டில் இதே வேலையை ஷெல் நிரலுக்குப் பதிலாக சிஸ்டம்டி என்னும் தொடக்க மேலாளர் செய்கிறது. வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்.

கைமாற்றும் கட்டம் வினோதமானது. ரூட்எஃப்எஸ்ஸை இறக்க முடியாது என்று மேலே சொன்னேன். இனிட்ஆர்டி காலத்தில் பழைய வேரையும் புதிய வேரையும் இடம்மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. இங்கே அதுவும் இல்லை. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தான் நிற்கும் மரத்தில் இருக்கும் கோப்புகளையெல்லாம் தானே அழித்து நினைவகத்தை விடுவிக்கிறது, புதிய வேரை அதன்மேல் நகர்த்தி வைக்கிறது, அதற்குள் போய், அங்கே இருக்கும் உண்மையான இனிட்டாகத் தன்னையே மாற்றிக்கொள்கிறது. செயன்முறை எண் 1 இடையில் ஒருமுறையும் அறுபடுவதில்லை. இடையில் ஏற்றிய ப்ரொக், சிஸ், டெவ், ரன் ஆகியவை அழிக்கப்படாமல் புதிய வேருக்குள் நகர்த்தப்படுவதால், முதற் கட்டத்தில் யூடெவ் அறிந்தவை இரண்டாம் கட்டத்துக்கும் கிடைக்கின்றன. தவறான மரத்தை அழித்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தால், இதைச் செய்யும் ஸ்விட்ச் ரூட், ரன்-இனிட் ஆகிய நிரல்கள், தாம் நிற்பது உண்மையில் ராம்எஃப்எஸ் அல்லது அதைப் போலவே நினைவகத்தில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ்தானா என்று உறுதிசெய்த பிறகே அழிக்கத் தொடங்குகின்றன.

இனி, பொதியைக் கட்டும் பக்கம். டெபியனிலும், 2025 இல் ட்ராகட்டுக்கு மாறத் தொடங்கும்வரை உபுண்டுவிலும், நெடுங்காலமாக இதைச் செய்தது இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ். அதன் அமைப்புக் கோப்பில் எந்தெந்த மொடியூல்களைச் சேர்ப்பது என்பதற்கு ‘மோஸ்ட்’, ‘டெப்’ என்ற இரண்டு விருப்பங்கள் முக்கியமானவை. முன்னது பரவலாகப் பாவனையில் இருக்கும் சேமிப்புக் கட்டுப்படுத்திகளில் பெரும்பாலானவற்றைச் சேர்க்கும். அதுவே இயல்பான தெரிவு. பின்னது அந்தக் கணினியில் அந்த நேரத்தில் தெரியும் வன்பொருளுக்கு வேண்டியதை மட்டும் சேர்த்துப் பொதியைச் சிறிதாக்கும். ஃபெடோரா இதற்கு நேர்மாறு. சாதாரணப் பொதியை அந்தக் கணினிக்கு மட்டும் என்று கட்டி, எல்லாம் அடங்கிய மீட்புப் பொதி ஒன்றைத் தனியாக வைக்கிறது.

வன்னியில் ‘டெப்’ என்ற தெரிவு தொல்லையையே தரும் என்பது என் கருத்து. இங்கே ஒரு கணினியின் தாய்ப்பலகை பழுதானால், அதன் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பூட்டுவார்கள். பழைய சாட்டா வன்தட்டை அப்படியே நகலெடுத்து என்விஎம்இ எஸ்எஸ்டியில் போடுவார்கள். பொதி கட்டிய அன்று என்விஎம்இ கணினியில் இல்லை, ஆகவே அதன் மொடியூலும் பொதிக்குள் இல்லை. தட்டு நன்றாக இருக்கும், தரவு முழுதாக இருக்கும், ஷெல் திரைதான் வரும். இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் வட்டமான சிறு பற்றரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்றதும் பயோஸ் தன் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். சில பலகைகளில் அந்த அமைப்பு, சாட்டாவை ஏஎச்சிஐ முறையிலிருந்து பழைய ஐடிஈ முறைக்கு மாற்றிவிடுகிறது. அதே வன்தட்டு, அதே கேபிள், ஆனால் கர்னலுக்கு அது இப்போது வேறொரு கட்டுப்படுத்தி. ‘டெப்’ முறையில் கட்டிய பொதியில் அதற்குரிய மொடியூல் இருக்காது. பயோஸில் ஒரு வரியை மாற்றி, பற்றரியையும் மாற்றினால் தீர்ந்துவிடும் இந்தக் குறைக்காக வன்தட்டையே எறிந்துவிடும் வாய்ப்பு உண்டு. பற்றரி தீர்ந்தால் கடிகாரமும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட்டு கடைசியாக ஏற்றப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக எஃப்எஸ்சிகே அப்போது குறைசொல்லும்.

பொதிக்குள் மொடியூல்கள் மட்டும் கட்டப்படுவதில்லை, சில அமைப்புகளும் உறைந்துபோய்க் கிடக்கின்றன. கணினி உறங்கி எழும்போது பழைய நிலையை மீட்க வேண்டிய ஸ்வாப் பிரிவின் யூயூஐடி அவற்றில் ஒன்று. யாராவது இடம் போதவில்லை என்று ஸ்வாப் பிரிவை அழித்துவிட்டால், ஒவ்வொரு தொடக்கத்திலும் இல்லாத அந்தப் பிரிவுக்காகப் பொதி காத்திருந்து, கடைசியில் கைவிட்டதாக ஒரு வரி எழுதிவிட்டு மேலே செல்லும். கணினி மெதுவாகிவிட்டது என்று சொல்லப்படும் சில முறைப்பாடுகளின் அடியில் இருப்பது இந்தக் காத்திருப்பு. அமைப்பைத் திருத்தி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையால் பொதியை மறுபடி கட்டினால் போதும்.

மின்வெட்டைப் பற்றி. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், இற்றைப்படுத்தல் நடுவில் கணினி அணைவது எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. பொதி கட்டுவோர் இதை ஓரளவு முன்கூட்டி யோசித்திருக்கிறார்கள். புதிய பொதி முதலில் வேறு பெயரில் எழுதப்பட்டு, முழுமையான பிறகே பழையதன் இடத்துக்குப் பெயர்மாற்றப்படுகிறது. கர்னல் நிறுவும்போது ஓடும் நிரல்களில் க்ரப் பட்டியலைப் புதுப்பிப்பதன் பெயர் இரண்டு ‘இசட்’ எழுத்துகளோடு தொடங்குவதும் வேண்டுமென்றே செய்ததுதான். அகரவரிசையில் அது கடைசியில் ஓடும், எனவே பொதி தயாராகும்முன் மின்சாரம் நின்றால் புதிய கர்னல் பட்டியலிலேயே ஏறியிருக்காது. ஓட்டை எங்கே என்றால், பூட் என்று தனிப் பிரிவு இருந்து அது பழைய கர்னல்களால் நிறைந்துவிட்டபோது. பொதி எழுத இடமில்லாமல் தோல்வியடைகிறது, அந்தப் பிழைச் செய்தியை யாரும் பார்ப்பதில்லை, பிறகு வேறேதோ காரணத்துக்காக க்ரப் பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது, பொதியே இல்லாத கர்னல் பட்டியலில் முதலாவதாக ஏறிக்கொள்கிறது.

அப்படி நின்றுபோன கணினிக்கு முன் உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது க்ரப் பட்டியலில் மேலதிகத் தெரிவுகளுக்குள் போய் முந்தைய கர்னலைத் தேர்வது. ஒவ்வொரு கர்னலுக்கும் தனிப்பொதி இருப்பதால் பழையது அநேகமாக ஓடும். ஷெல் திரையில் நிற்பவர் பிஎல்கேஐடி என்று தட்டிப் பார்க்கலாம். பட்டியலில் வன்தட்டின் பிரிவுகள் தெரிந்தால் தட்டும் மொடியூலும் நலமாக இருக்கின்றன. ஓர் எஃப்எஸ்சிகே அல்லது யூயூஐடி திருத்தம் போதும். கறுப்புத் திரையிலேயே ‘கையால் எஃப்எஸ்சிகே ஓட்டுக’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அது குறிப்பிடும் பிரிவின் பெயரோடு ஓட்டி, ‘எக்ஸிட்’ கொடுத்தால் தொடக்கம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பட்டியலில் எதுவுமே தெரியாவிட்டால்தான் கேபிள், பயோஸ், மொடியூல், வன்தட்டு என்ற வரிசையில் சந்தேகப்பட வேண்டும். வன்தட்டு அந்த வரிசையில் கடைசி. பென் டிரைவிலிருந்து உபுண்டுவை ஓட்டி, பழைய வேரை ஏற்றி, அதற்குள் சென்று பொதியை மறுபடி கட்டுவது எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு எஞ்சும் வழி. அந்தப் பென் டிரைவே இதே உத்தியில்தான் ஓடுகிறது என்பது கவனிக்கத்தக்கது: அதன் பொதி ஒரு சுருக்கிய ஸ்குவாஷ்எஃப்எஸ் உருவைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ராமில் எழுதக்கூடிய ஓர் அடுக்கைப் பரப்பி, அந்த இரண்டையும் சேர்த்து வேராகக் காட்டுகிறது.

பாடசாலைகளுக்கு இன்னும் பொருத்தமான ஒரு பயன்பாடும் இந்தப் பொதியின் மேல் நிற்கிறது. எல்டிஎஸ்பி என்னும் திட்டத்தில் மாணவர் கணினிகளில் வன்தட்டே தேவையில்லை. கணினி வலையமைப்பு வழியாகத் தொடங்கி, கர்னலையும் பொதியையும் ஒரு சேவையகத்திலிருந்து இறக்கி, வலையமைப்புக் கோப்பு முறைமையான என்எஃப்எஸ் வழியாக அங்கிருக்கும் உருவையே தன் வேராக ஏற்றிக்கொள்கிறது. 2019 இல் அது புதிதாக எழுதப்பட்டபோது, உபுண்டுவின் சொந்தப் பொதியைத் தொடாமல் விட்டு, தன் நிரல்களை இன்னொரு சிறு சிபிஐஓ ஆவணமாக அதன் பின்னால் ஒட்டிக் கொடுக்கும் முறையைத் தேர்ந்தது. அதனால் கர்னல் இற்றைப்படுத்தப்பட்டாலும் ஒட்டுப்பகுதி அப்படியே பொருந்துகிறது. மின்சாரம் நின்றால் மாணவர் கணினிகளில் பழுதாக எதுவும் இல்லை. யூபிஎஸ் ஒன்றைச் சேவையகத்துக்கு வாங்கினால் கூடம் முழுவதற்கும் காவல். இருபது கணினிக்கு இருபது வன்தட்டு என்று பழுதுபார்த்துக்கொண்டிருப்பதைவிட இது நிதானமான வழி என்று நினைக்கிறேன். சேவையகம் ஒன்றே விழுந்தால் கூடமே நிற்கும் என்பது அதன் விலை.

இந்தப் பொதி கணினியிலேயே கட்டப்படுவதால் எழும் ஒரு பாதுகாப்புச் சிக்கல் இப்போது அதன் எதிர்காலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. கையொப்பமில்லாத நிரலைத் தொடக்கத்தில் ஓட விடாத செக்யூர் பூட் இயங்கும் சாதாரண உபுண்டுவில், க்ரப்புக்கு முன் ஓடும் ஷிம், க்ரப், கர்னல் மூன்றும் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பின்னரே ஓடுகின்றன. ஆனால் பொதி ஒவ்வொரு கணினியிலும் வெவ்வேறாக உருவாவதால் அதற்கு விநியோகிப்பவரின் கையொப்பம் இருக்க முடியாது, அது சரிபார்க்கப்படாமலே ஏறுகிறது. மடிக்கணினியின் வன்தட்டு முழுவதையும் மறைக்குறியாக்கி வைத்திருந்தாலும், கடவுச்சொல்லைக் கேட்கும் நிரல் அந்தப் பாதுகாப்பற்ற பொதிக்குள்தான் இருக்கிறது. கணினி சிறிது நேரம் வேறொருவர் கையில் இருந்தால் அதை மாற்றி வைக்க முடியும். இதற்காகக் கர்னல், பொதி, கட்டளை வரி மூன்றையும் ஒரே கோப்பாக்கி, முழுவதற்கும் விநியோகிப்பவரே கையொப்பமிட்டு அனுப்பும் முறை, யூகேஐ என்ற பெயரில், வளர்ந்துவருகிறது. அப்போது பொதி எல்லாக் கணினிக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ‘டெப்’ வழியாக நிகழும் பழுதுகள் இயல்பாகவே மறையும், ஆனால் அந்தக் கணினிக்கென்று தனியாகத் தேவைப்படும் மொடியூலையோ அமைப்பையோ உள்ளே சேர்க்க வழி இருக்காது. அந்தத் தேவைக்கு, யூஇஎஃப்ஐ பிரிவில் தனித்தனிக் கோப்புகளாக வைக்கப்படும் இணைப்புகளை, தொடங்கும் நேரத்தில் யூகேஐ கோப்பில் முதலில் ஓடும் சிஸ்டம்டி-ஸ்டப் என்னும் சிறு நிரல் சிபிஐஓ ஆவணங்களாகக் கட்டிப் பிரதான பொதியின் பின்னால் ஒட்டிக் கர்னலிடம் கொடுக்கிறது. கர்னல் அவற்றையும் வழக்கம்போல, ‘070701’ என்று தொடங்கும் தலைப்புகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து அதே ரூட்எஃப்எஸ்ஸில் விரிக்கிறது.